நாகர்கோவிலில் இருந்தபடி டபுள் பேஸில் ஜாஸ்: கருவி வாங்குவது முதல் சொந்தமாக சோலோ வாசிப்பது வரை

குமரி மாவட்டத்தில் கீபோர்டு மாஸ்டர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். கிட்டார், வயலின், டிரம்ஸ் சொல்லித்தரவும் ஆள் உண்டு. டபுள் பேஸ் என்று கேட்டால் மட்டும், "அந்தப் பெரிய வயலினா?" என்பார்கள். அதில் ஜாஸ் வேண்டும் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நான் பாதியை இணையத்திலும் மீதியைக் கேட்டுக் கேட்டும் பிடித்தேன். எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்று சொல்ல அப்போது யாரும் இல்லை. நீங்கள் அப்படித் தடுமாற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மேஜர் ஸ்கேல் என்றால் என்ன, கார்ட் என்றால் என்ன என்ற அளவுக்காவது தெரிந்தவருக்கான குறிப்பு இது.

1. முதலில் பேஸ் கிட்டார் போதும்

டபுள் பேஸின் நான்கு கம்பிகளும் கீழிருந்து இ, ஏ, டி, ஜி. நான்கு கம்பி பேஸ் கிட்டாரும் அதே சுருதி, அதே ஸ்தாயி. அதனால் கார்ட், வாக்கிங் லைன் (அடிக்கு ஒரு ஸ்வரமாக நடந்துபோகும் பேஸ் வரி), சோலோ என்று மூளையில் ஏற வேண்டியதெல்லாம் பத்தாயிரம் ரூபாய் பேஸ் கிட்டாரிலேயே ஏறிவிடும். மூன்று மாதம் அதில் பழகிய பிறகும் ஆசை குறையவில்லை என்றால் மட்டும் பெரிய கருவிக்குப் போங்கள்.

இன்னொன்று, ஹெட்போன் வாங்கிவிடுங்கள். கீழ் இ கம்பியின் அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கும். செல்போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது. போனில் ஜாஸ் கேட்டுவிட்டு "பேஸ் எங்கே?" என்று தேடுபவர்கள் ஏராளம்.

2. வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

புதிய ப்ளைவுட் டபுள் பேஸ் இன்றைக்கு ஒரு லட்சத்தை ஒட்டி வரும். முழு மரத்தில் செய்தது அதைவிடப் பல மடங்கு. நம் ஊருக்கு ப்ளைவுட்தான் சரி, காரணத்தை நான்காம் பகுதியில் சொல்கிறேன். பெரியவர்களுக்கும் முக்கால் அளவுக் கருவியே வழக்கம், முழு அளவைத் தேடிப் போக வேண்டாம்.

வெளியூர்க் கடையிலிருந்து லாரியில் வருவதானால் ஜிஎஸ்டி பில் கட்டாயம். வேறு மாநிலத்திலிருந்து வரும் சரக்கின் மதிப்பு ஐம்பதாயிரத்துக்கு மேல் போனால் இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டும் வேண்டும், அதைப் போடுவது கடைக்காரர் பொறுப்பு. "பில் இல்லாமல் பத்தாயிரம் குறைச்சுத் தாறேன்" என்பவரிடம் வாங்காதீர்கள். கேரளத்திலிருந்து களியக்காவிளை வழியாக வரும் வண்டியை மறித்து யாராவது கேட்டால், கையில் காட்ட அந்தப் பில்தான் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் கூரியர் நிறுவனம் ஆதார் அல்லது பான் கேட்கும். கருவியின் விலையோடு கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ் இரண்டையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மேல்தான் சுங்கவரி போடுவார்கள். பேஸுக்குக் கப்பல் கட்டணமே பெரிய தொகை என்பதால் வரியும் எகிறும். வில் வாங்கினால் அது என்ன மரம் என்று எழுத்தில் கேளுங்கள். பெர்னாம்புகோ மரம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. கார்பன் ஃபைபர் வில் என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஜாஸில் பெரும்பாலும் விரலால்தான் வாசிப்போம், ஆனால் சுருதி திருத்த வில்லைப்போல உதவும் பொருள் வேறு இல்லை.

செலவுப் பட்டியலில் பலர் விடுவது கம்பி. கடையில் கட்டிவரும் கம்பி பெரும்பாலும் இரும்புக்கயிறு மாதிரி இருக்கும். ஸ்பைரோகோர் போன்ற நல்ல ஸ்டீல் கம்பி ஒரு செட் பதினைந்தாயிரத்தைத் தாண்டும். பயந்துவிடாதீர்கள், பல வருஷம் உழைக்கும்.

3. ரயிலிலும் ரோட்டிலும்

பயணிகள் பெட்டிக்குள் கொண்டுபோகும் பெட்டிக்கு ரயில்வே வைத்திருக்கும் அளவு 100 × 60 × 25 செ.மீ. பேஸ் ஆறடி உயரம். ஆகவே ரயிலின் சரக்குப் பெட்டியான பிரேக் வேனில் லக்கேஜாகப் புக் செய்ய வேண்டும். டிக்கெட், அடையாள அட்டை நகல், கருவியின் பில் நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் முன்னதாகப் பார்சல் ஆபீஸுக்குப் போய்விடுங்கள்.

படிவத்தில் மதிப்பு எழுதும் இடத்தை யாரும் உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், லக்கேஜ் சேதமானால் ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 100 ரூபாய்தான். உறையோடு பதினைந்து கிலோ என்றால் உங்கள் ஒரு லட்ச ரூபாய்க் கருவிக்குக் கிடைக்கப்போவது 1,500 ரூபாய். கேட்டு எழுதுங்கள். அனுப்புமுன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தலாம், முழுக்க அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் உள்ளே மேல்பலகையைத் தாங்கி நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற குச்சி விழுந்துவிடலாம்.

மாவட்டத்துக்குள் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டிதான் வழி. பஸ்ஸில் ஏற்ற முயல வேண்டாம். கண்டக்டர் சம்மதித்தாலும் மார்த்தாண்டம் நெரிசல் சம்மதிக்காது.

4. செட்டப்பும் மழைக்காலமும்

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் ஒன்று, அக்டோபரில் இன்னொன்று. ஈரத்தில் மரம் ஊதும், மேல்பலகை உயரும், அதோடு கம்பியைத் தாங்கும் பிரிட்ஜும் கம்பியும் உயரும். வெயிலில் எல்லாம் இறங்கும். முழு மரக் கருவி இதில் பிளக்க வாய்ப்பு அதிகம், ப்ளைவுட் தாங்கும். திருகி ஏற்றி இறக்கும் அட்ஜஸ்டர் வைத்த பிரிட்ஜ் கேட்டு வாங்குங்கள். விரல்பலகையின் முடிவில் அளந்தால் ஜி கம்பி 5–6 மி.மீ., இ கம்பி 8–9 மி.மீ. உயரத்தில் இருந்தால் விரலால் வாசிக்க வாகாக இருக்கும். கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் இதைவிட உயரமாக இருக்கும். கை வலிக்கிறது என்று கைவிட்டவர்களில் பாதிப்பேரைத் தோற்கடித்தது அந்த உயரம்தான்.

குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். உப்புக்காற்று ஸ்டீலைச் சும்மா விடாது.

ஒட்டு விட்டால் என்ன செய்வது? நம் ஊர் ஆசாரிமாருக்குக் கைவேலையில் குறைவில்லை. "ஒண்ணும் பயப்படாண்டாம் மக்கா, ஃபெவிகால் வச்சு ஒட்டித் தாறேன்" என்பார்கள். அங்கேதான் தடுக்க வேண்டும். இந்தக் கருவிகளை ஒட்டுவது விலங்குப் பசையால். சூடும் ஈரமும் காட்டினால் அது விடும், அதனால்தான் மேல்பலகையைத் திறந்து பழுது பார்க்க முடிகிறது. ஃபெவிகால் போட்ட கருவியை அடுத்த முறை மரத்தைக் கிழிக்காமல் திறக்க முடியாது. பசையை நீங்கள் வாங்கிக் கொடுத்து, வேலையை அவரிடம் விடுங்கள்.

5. சுருதி

கிட்டார் கழுத்தில் ஸ்வர இடத்தைக் காட்டும் ஃப்ரெட் இதில் கிடையாது. தம்புரா ஆப்பில் டி சுருதி வைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் வில்லால் நீளமாக இழுங்கள். இடக்கையில் கீழ்ப்பகுதிக்கு ஒன்று (ஆள்காட்டி விரல்), இரண்டு (நடுவிரல்), நான்கு (சுண்டுவிரல்) என்ற விரல்முறை. மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணை நிற்கும், தனியாக வேலை செய்யாது. ஒன்றுக்கும் நான்குக்கும் இடையே ஒரு முழு ஸ்வர தூரம். தினம் இருபது நிமிஷம். சலிப்பாகத்தான் இருக்கும், செய்யுங்கள்.

6. வாக்கிங் லைன்: சோலோவின் வேர்

புதிதாக வருபவர்கள் செய்யும் காரியம், நேரே சோலோவுக்குப் போவது. ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டுவார்கள், சோலோ மாதிரியே இருக்காது. பேஸ் வாசிப்பவருக்கு நல்வாய்ப்பாக ஒரு வழி இருக்கிறது. பாட்டு முழுக்க நாம் வாசிக்கும் வாக்கிங் லைனே ஓர் இம்ப்ரோவைஸேஷன், அதாவது அந்த நேரத்துக் கற்பனை. அது மனதில் ஊறினால் சோலோ அதிலிருந்து முளைக்கும்.

விதி எளிது. பார் என்ற ஒவ்வொரு தாளக் கட்டத்துக்கும் நான்கு அடி. முதல் அடியில் கார்டின் மூல ஸ்வரம். இரண்டிலும் மூன்றிலும் கார்டில் உள்ள மற்ற ஸ்வரங்கள். நான்காம் அடியில் அடுத்த கார்டின் மூலத்துக்கு அரை ஸ்வரம் மேலோ கீழோ உள்ள ஸ்வரம்.

ஜாஸில் அதிகம் வரும் மூன்று கார்ட் வரிசையை எடுத்துக்கொள்வோம். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். இப்படி வாசித்துப் பாருங்கள்:

டி – எஃப் – ஏ – ஏ ஃப்ளாட் | ஜி – எஃப் – டி – பி | சி

டியும் ஜியும் திறந்த கம்பிகள். எஃப், டி கம்பியில் நான்காம் விரல். ஏ, ஜி கம்பியில் இரண்டாம் விரல், ஏ ஃப்ளாட் அதிலேயே முதல் விரல். பி, ஏ கம்பியில் இரண்டாம் விரல், சி அதிலேயே நான்காம் விரல். கை அரை பொசிஷனை (கழுத்தின் உச்சியை ஒட்டிய முதல் இடம்) விட்டு நகரவே வேண்டாம். ஏ ஃப்ளாட் கார்டில் இல்லாத ஸ்வரம், ஆனால் ஜியை மேலிருந்து தள்ளிக்கொண்டு வரும். பி கார்டிலேயே உள்ளது, சியைக் கீழிருந்து தூக்கும். இந்த இரண்டு இழுப்பும் காதில் விழும் வரை மெதுவாக வாசியுங்கள்.

தாளம் தட்டும் மெட்ரோனோமை 60-இல் வைத்து, அந்தத் தட்டு இரண்டாம் நான்காம் அடிகளில் விழுவதாக எண்ணுங்கள். உங்கள் வேகம் 120 ஆகிவிடும். முதல் வாரம் தலை சுற்றும். பிறகு அது இல்லாமல் வாசிக்கவே பிடிக்காது.

அடுத்து எஃப் ப்ளூஸ், பன்னிரண்டு பார். எஃப் செவன், பி ஃப்ளாட் செவன், எஃப் செவன் இரண்டு பார், பி ஃப்ளாட் செவன் இரண்டு பார், எஃப் செவன், டி செவன், ஜி மைனர் செவன், சி செவன், எஃப் செவன், சி செவன். தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு ஒரு வசதி: பன்னிரண்டு பார் என்றால் 48 அடி, ஆதி தாளத்தில் சரியாக ஆறு ஆவர்த்தனம். கையில் தாளம் போட்டபடி மூல ஸ்வரங்களை மட்டும் பாடிப் பாருங்கள், வடிவம் ஒரு நாளில் மனதில் நிற்கும். ஒன்று நீண்டு ஒன்று குறுகும் ஸ்விங் நடை வரவில்லை என்றால் திஸ்ர நடையில் "தகிட" சொல்லி, முதல் இரண்டை ஒன்றாகச் சேர்த்து நீட்டுங்கள். அதுதான் ஆரம்பம். வேகம் கூடக் கூட அது சமனாகிக்கொண்டே வரும்.

தினம் ஒரு மணி நேரம் கிடைத்தால் இந்தப் பகுதிக்கு மூன்று, நான்கு மாதம் ஒதுக்குங்கள். இதைச் சுருக்கினால் இதன்மேல் கட்டுவது எதுவும் நிற்காது.

7. மூன்றும் ஏழும்

ஒரு கார்டின் குணத்தைச் சொல்வது அதன் மூன்றாம், ஏழாம் ஸ்வரங்கள். மேஜரா மைனரா என்பது மூன்றாவதில் தெரியும். நிற்கிற கார்டா, எங்கோ போகத் துடிக்கிற கார்டா என்பதற்கு ஏழாவதும் வேண்டும்.

மறுபடி அதே மூன்று கார்ட். டி மைனர் செவனுக்கு எஃப், சி. ஜி செவனுக்கு பி, எஃப். சி மேஜர் செவனுக்கு இ, பி. இப்போது வரிசையாகப் பாருங்கள். சி அரை ஸ்வரம் இறங்கி பி ஆகிறது, அப்படியே நிற்கிறது. எஃப் இரண்டு கார்டுக்கும் நின்றுவிட்டு அரை ஸ்வரம் இறங்கி இ ஆகிறது. கார்ட் மாறுவது காதுக்குத் தெரிய இந்த இரண்டு சின்ன இறக்கம் போதும். ப்ளூஸிலும் இதேதான். எஃப் செவனின் ஏ இறங்கி ஏ ஃப்ளாட், அதன் இ ஃப்ளாட் இறங்கி டி, பி ஃப்ளாட் செவன் வந்துவிட்டது.

பயிற்சி: பின்னணிக் கார்டுக்கு ஐரியல் ப்ரோ போன்ற ஆப் வைத்து, பாருக்கு ஒரே ஒரு ஸ்வரம், மூன்றாவதோ ஏழாவதோ மட்டும் வாசியுங்கள். ஆப்பில் பேஸ் ஒலியை அணைக்காதீர்கள், இப்போது நீங்கள் சோலோ. அது கைக்கு வந்ததும் பாருக்கு இரண்டு ஸ்வரம், பிறகு நடுவே நிரப்புங்கள். எதை வேண்டுமானாலும் நிரப்பலாம், கார்ட் மாறும் இடத்தில் அந்த ஸ்வரத்தில் வந்து விழ வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

பேஸுக்கே உரிய ஒரு பொறி இங்கே இருக்கிறது. கீழ் ஸ்தாயியில் மூலமும் மூன்றாவதும் சேர்ந்து ஒலித்தால் சேறு மாதிரி கலங்கும். மூன்றாவதை ஒரு ஸ்தாயி மேலே தூக்கினால் தெளிவாகிவிடும். முதல் பொசிஷனில் (அரை பொசிஷனிலிருந்து அரை ஸ்வரம் தள்ளி) இ கம்பியில் இரண்டாம் விரல் ஜி, ஜி கம்பியில் நான்காம் விரல் பி, இரண்டையும் சேர்த்து மீட்டுங்கள். ஜி மேஜர் முழுசாகக் கேட்கும். நான்காம் விரலை எடுத்து, இரண்டாம் விரலை அப்படியே குறுக்கே படுக்க வைத்தால் பி ஃப்ளாட், ஜி மைனர். துணைக்குக் கீபோர்டு இல்லாத நாளில் நீங்களே கார்ட் சொல்லலாம்.

8. ராகம் தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழி, இரண்டு எச்சரிக்கை

ஜாஸ் பாடங்களில் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு மோட் சொல்வார்கள். டி டோரியன், ஜி மிக்ஸோலிடியன், சி அயோனியன். மிரள வேண்டாம். டியை ஷட்ஜமாக வைத்த கரகரப்பிரியா, ஜியை வைத்த ஹரிகாம்போஜி, சியை வைத்த சங்கராபரணம், அவைதான் இவை. கிரக பேதம் தெரிந்தவருக்கு மேலும் சொல்ல வேண்டியதில்லை, மூன்றிலும் இருப்பது அதே ஏழு ஸ்வரம். ஆகவே பாருக்குப் பார் ராகம் மாற்றாதீர்கள். மொத்தத்தையும் சங்கராபரணமாக வைத்துக்கொண்டு, விழும் இடத்தை மட்டும் மாற்றுங்கள்.

மைனருக்குப் போகும் வரிசையில் கீரவாணி கைகொடுக்கும். இ ஹாஃப் டிமினிஷ்ட், ஏ செவன், டி மைனர் என்று வந்தால் டியை ஷட்ஜமாக வைத்த கீரவாணி முதல் இரண்டுக்கும் பொருந்தும், மூன்றாவதில் வந்து நிற்க கௌரிமனோகரியும் அழகு. மோகனம் என்பது மேஜர் பென்டடானிக். சி மேஜர் செவன் கார்டின்மேல் ஜியை ஷட்ஜமாக வைத்த மோகனம் வாசித்துப் பாருங்கள். ஜி, ஏ, பி, டி, இ. சி வரவே வராது, ஆனாலும் கார்ட் திறந்துகொண்ட மாதிரி இருக்கும்.

எச்சரிக்கை ஒன்று: காந்தாரத்தில் கமகம் போடாதீர்கள். கரகரப்பிரியா என்றதும் கை தானாக அசையும். கார்ட் அடியில் நிற்கும்போது அந்த அசைவு மைனரையும் மேஜரையும் குழப்பும். அரை ஸ்வரம் கீழிருந்து ஒரே ஒரு ஜாரு, பிறகு நேராக நில்லுங்கள்.

எச்சரிக்கை இரண்டு: கற்பனை ஸ்வரத்தில் கார்ட் மாறாது, ராகம் மட்டுமே எல்லை. இங்கே காலடியில் தரை பாருக்குப் பார் நகர்கிறது. கணக்குப் போட்டு எடுப்பில் வந்து சேரும் பழக்கம் நல்ல முதலீடு, ஆனால் சேரும் ஸ்வரம் அந்தப் பாரின் கார்டில் இருக்க வேண்டும்.

9. மெட்டு

வாயால் பாட வராததை விரலால் வாசிக்காதீர்கள். ஜாஸ் பேஸ்காரர் ஸ்லாம் ஸ்டூவர்ட் வில்லால் வாசித்தபடியே ஒரு ஸ்தாயி மேலே பாடியவர். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் முனகிக்கொண்டே வாசியுங்கள். பாடினால் மூச்சு விட வேண்டும், மூச்சு விட்டால் சோலோவில் இடைவெளி வரும். புதியவர்களின் சோலோவில் அதுதான் இருப்பதில்லை.

நான்கு ஸ்வரத்தில் ஒரு சின்னச் சொற்கட்டு எடுங்கள். முதல் இரண்டு பாரில் சொல்லுங்கள், அடுத்த இரண்டில் அதையே கார்டுக்கு ஏற்ற மாதிரி ஒரு ஸ்வரம் மாற்றிச் சொல்லுங்கள், அப்புறம் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்வரங்களைத் தலைகீழாக்குங்கள். நிரவல் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதில்லை. நடுநடுவே இரண்டு பார் வாக்கிங்குக்கே திரும்பிவிடலாம். டிரம்ஸ்காரர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

கட்டை விரலைக் கம்பிமேல் வைத்து உச்சத்தில் வாசிக்கும் முறையைக் காணொளியில் பார்த்துவிட்டு அங்கே ஓடாதீர்கள். கழுத்துப்பகுதி உடலோடு சேரும் இடம் வரை இருக்கும் ஸ்வரங்களே முதல் வருஷ சோலோவுக்குத் தாராளம்.

10. கேட்டு எழுதுவது

ஜாஸ் பேஸ்காரர் பால் சேம்பர்ஸில் தொடங்குங்கள். மைல்ஸ் டேவிஸின் 1959 இசைத்தட்டில் வரும் "சோ வாட்" பாட்டில் மெட்டையே பேஸ்தான் வாசிக்கிறது. வடிவமும் எளிது: 16 பார் டி டோரியன், 8 பார் இ ஃப்ளாட் டோரியன், மறுபடி 8 பார் டி. நம் கணக்கில் கரகரப்பிரியா, அரை ஸ்வரம் ஏறி மறுபடி கரகரப்பிரியா, திரும்ப இறக்கம். வாக்கிங்குக்கு ரே பிரவுன். ஸ்காட் லஃபாரோவை இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், இப்போது கேட்டால் மனது சோர்ந்துபோகும்.

வேகத்தை முக்கால்பங்காகக் குறைத்து, நான்கு பார் மட்டும் எடுத்து, முதலில் பாடி, பிறகு வாசித்து, கடைசியில் எழுதுங்கள். இணையத்தில் எழுதியே கிடைக்கிறதே என்றால், கிடைக்கட்டும். காது வளர்வது எழுதுகிறவனுக்குத்தான். வாரத்துக்கு நான்கு பார் போதும்.

11. எங்கே வாசிப்பது, சான்றிதழ், மைக் அனுமதி

ஜாஸ் மேடை தேடி அலைய வேண்டாம், பக்கத்துச் சர்ச் பாடகர் குழுவுக்குப் போங்கள். நான்கு குரலில் எழுதிய ஞானப்பாட்டுகளின் பாஸ் வரியை (ஆகக் கீழான குரலின் வரியை) வாசிக்கக் கேளுங்கள். குழு மாஸ்டர் பெரும்பாலும் சந்தோஷப்படுவார். ஒவ்வொரு அடியிலும் நான்கு குரலையும் பார்த்து என்ன கார்ட் என்று பென்சிலால் குறித்துவாருங்கள். ஆறு மாதத்தில் கார்ட் கேட்கும் காது வந்துவிடும். ஆராதனைக்குள் வாக்கிங் போடுவதற்கு முன்னால் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் கேரல் சுற்றில் கேட்கவே வேண்டாம், அங்கே ஸ்விங் தானாக வரும்.

ஜாஸ் பேஸில் கிரேடு சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் பாடத்திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற இரண்டு இசைத் தேர்வு அமைப்புகளிலும் டபுள் பேஸ் கிரேடு உண்டு, ஆனால் அது கிளாசிக்கல். அவர்களுடைய ஜாஸ் தேர்வுகளில் டபுள் பேஸ் இல்லை. கிளாசிக்கல் கிரேடு எழுதுவதில் தப்பில்லை, வில்லும் சுருதியும் சீராகும், கட்டணம் மட்டும் கிரேடு ஏற ஏற ஏறும்.

நண்பர்களோடு வெளியில் வாசிப்பதானால் மைக் செட்டுக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுங்கள். இடத்துக்காரரின் சம்மதக் கடிதம், அடையாள அட்டை நகல், நாள், நேரம் எல்லாம் அதோடு இருக்கட்டும். ஒரு வாரம் முன்னால் கொடுத்தால் அலைச்சல் குறையும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை, அதனால் ஒன்பதரைக்குக் கடைசிப் பாட்டு. ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் காற்று மைக்கில் இரைந்துகொண்டே இருக்கும், பிரிட்ஜில் ஒட்டி அதன் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.